நோய்ப்படுக்கையில் என்ன வேலை? யூத மரபு சொல்லும் பதில்

நோயாளியிடம் சொல்லப்படும் ஆறுதல்களைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ‘செய்த பாவம், அனுபவித்துத்தான் தீரவேண்டும்’ என்பது ஒன்று. ‘கடவுள் சோதிக்கிறார், பொறுத்துக்கொள்’ என்பது இன்னொன்று. மூன்றாவது இந்தக் காலத்துப் புதுசு: ‘இந்த நோயிலும் ஏதோ அர்த்தம் இருக்கும், தேடிக் கண்டுபிடி.’ யூத மதம் இந்த மூன்றையுமே போதிப்பதாக ஆங்காங்கே எழுதுகிறார்கள். வேதாகமத்தில் காரணம் தெரியாமல் நோயும் இழப்பும் பட்ட யோபுவின் கதையைத் துணைக்கு அழைப்பார்கள். இவ்வளவு நீண்ட மரபில் ஒரு வரியைப் பிய்த்தெடுத்தால் எதற்கும் ஆதாரம் கிடைக்கும்தான்.

ஆனால் யூத மரபின் முதுகெலும்பு தத்துவத்தைவிடச் சட்டத்தில்தான் இருக்கிறது. நோயாளியைப் பற்றி அந்தச் சட்டம் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. ‘இது ஏன் வந்தது?’ என்ற கேள்விக்கு அங்கே இடம் மிகக் குறைவு. இன்றைக்கு இவரால் எவ்வளவு முடியும், முடியாததை யார் ஏற்பது என்பதைத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

கீரை ஆய்கிற பாட்டி

பாட்டிக்கு முழங்கால் போய்விட்டது. குடம் தூக்க முடியாது, அடுப்பருகே நிற்க முடியாது. விவரமான வீடு முறத்தில் கீரையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்கும், பூண்டு உரிக்கச் சொல்லும். சமையலில் அவளுக்குப் பங்கு இருக்கிறது, அளவுதான் மாறியிருக்கிறது. விவரமில்லாத வீடுகள் இரண்டு விதம். ஒன்று, இன்னமும் அவளையே குடம் தூக்கச் சொல்லும். மற்றது, ‘உனக்கு எதுக்கு இதெல்லாம், சும்மா உட்காரு’ என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும். இரண்டாவது வீடு அன்பான வீடுபோலத் தெரியும். அங்கேதான் பாட்டி சீக்கிரம் சுருண்டு போவாள்.

யூதச் சட்டம் கீரையைக் கொண்டுவந்து வைக்கும் அந்த விவரமான வீடாக இருக்கப் பார்க்கிறது. அதைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும்.

மிட்ஸ்வா என்றால் கட்டளை, கடமை. ஏழைக்குக் கொடுப்பது, வேலை செய்யாத வாராந்தர ஓய்வுநாளைக் காப்பது, வேளாவேளைக்கு ஜெபிப்பது எல்லாம் மிட்ஸ்வாக்கள். இந்த மரபில் மனிதன் என்றாலே கடமையுள்ளவன். வாழ்வின் நோக்கம் என்று தனியாக ஒன்றைத் தேடிப் போகவேண்டியதில்லை, அது அன்றாடக் கடமைகளுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. ஹலாக்கா என்பது அந்தக் கடமைகளை எப்படி, எப்போது, எவ்வளவு செய்வது என்று சொல்லும் சட்டத் தொகுதி. அதன் ஊற்று தல்மூத் என்னும் பெரும் விவாதத் தொகுப்பு. யோசேப்பு காரோ என்ற அறிஞர் சஃபேத் நகரில் 1563-இல் எழுதி முடித்து, 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூக்தான் இன்றுவரை அடிப்படைச் சட்டநூல்.

மூன்றாவது சொல் ஓனெஸ்: நம் கையை மீறிய நிர்ப்பந்தம். ‘நிர்ப்பந்தத்தில் இருப்பவனை இரக்கமுள்ளவர் விடுவிக்கிறார்’ என்பது தல்மூத் விதி. நோயால் ஒரு கடமை தவறினால் அது குற்றக் கணக்கில் ஏறாது. இந்த விடுவிப்பு மொத்தமாக நடப்பதில்லை, படிப்படியாக நடக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நின்று ஜெபிக்க முடியாதவர் உட்கார்ந்து ஜெபிக்கலாம். உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. வாய் திறக்க முடியாவிட்டால் மனத்துக்குள் நினைத்தாலே போதும். தெஃபிலின் என்பது வசனம் எழுதிய தோல்சுருள் வைத்த சிறு பெட்டி. வார நாள் காலைகளில் கையிலும் நெற்றியிலும் கட்டுவார்கள். அதற்கு உடம்பு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால், வயிற்றுப்போக்கால் அவதிப்படுபவருக்கு அந்தக் கடமையே கிடையாது.

சுருக்கமாக: பலம் குறையக் குறையக் கடமையும் சுருங்கும், ஆனால் சுயநினைவு இருக்கும்வரை முழுதாக மறைந்துவிடாது.

‘அவையும் வேண்டாம், அவற்றின் பலனும் வேண்டாம்’

துன்பத்துக்குப் பலன் உண்டு, அது அன்பினால் வரும் தண்டனை என்று பேசும் குரல்கள் தல்மூத்தில் இருக்கின்றன. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெராக்கோத் என்ற பகுதியில் அந்த விவாதம் முடிந்த கையோடு வரும் காட்சியைத் தொகுத்தவர்கள் காரணமில்லாமல் அங்கே வைத்திருக்கமாட்டார்கள்.

3-ஆம் நூற்றாண்டு. திபேரியா நகரின் பேரறிஞர் ரபி (மத ஆசான்) யோகனான், நோயுற்ற ரபி ஹிய்யா பர் அப்பாவைப் பார்க்கப் போகிறார். ‘இந்த வேதனைகள் உனக்குப் பிரியமானவையா?’ என்று கேட்கிறார். ‘அவையும் வேண்டாம், அவற்றின் பலனும் வேண்டாம்’ என்கிறார் நோயாளி. ‘கையைக் கொடு’ என்கிறார் யோகனான். கை கொடுத்ததும் தூக்கி எழுப்புகிறார்.

அடுத்து யோகனானே படுத்துவிடுகிறார். ரபி ஹனினா வருகிறார். அதே கேள்வி, அதே பதில், அதே கை. இங்கே தல்மூத் குறுக்கிடுகிறது: அடுத்தவரை எழுப்பத் தெரிந்த யோகனானுக்குத் தன்னை எழுப்பிக்கொள்ளத் தெரியாதா? ‘சிறைப்பட்டவன் தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது’ என்று பதில் வருகிறது. வேதனையை வேண்டாம் என்று சொன்ன பண்டிதர்களை யாரும் கண்டிக்கவில்லை. விசுவாசக் குறைவு என்று ஒரு சொல்கூட இல்லை.

நோயாளியிடம் ‘உன் பாவம்தான் காரணம்’ என்று சொல்வதோ வெறும் நாகரிகக் குறைவோடு நிற்பதில்லை, சட்டப்படியே தடை. தல்மூத் அதை ‘சொல்லால் செய்யும் கொடுமை’ என்ற தலைப்பில் வைக்கிறது. யோபுவின் நண்பர்கள் பேசியதுபோல நோயாளியிடம் பேசாதே என்று உதாரணமும் தருகிறது. அந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும்தான் கெட்டது. துன்பம் வந்தால் தன் நடத்தையைச் சோதித்துப் பார் என்ற அறிவுரையும் உண்டுதான். அது ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது, அடுத்தவர் கட்டிலருகே நின்று சொல்ல அல்ல.

உயிர் முதலில்: ஒரு விரத நாளின் கணக்கு

பிக்குவாக் நெஃபெஷ் என்பது உயிரைக் காப்பாற்றும் கடமை. உயிருக்கு ஆபத்து என்றால், ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் வழிவிடும். விக்கிரக வழிபாடு, கொலை, தகாத உறவு என்ற மூன்று மட்டும் விலக்கு. வேதாகம நூலான லேவியராகமத்தில் ‘இவற்றின்படி செய்பவன் இவற்றால் வாழ்வான்’ என்று ஒரு வசனம் வருகிறது. ‘வாழ்வான் என்றுதான் எழுதியிருக்கிறது, சாவான் என்றில்லை’ என்று அதற்குப் பொருள் சொன்னார்கள்.

இதைச் ‘சலுகை’ என்று நினைப்பதுதான் பரவலான தவறு. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் எழுதிய சட்டத்தின்படி, ஓய்வுநாளில் உயிர்காக்கும் வேலையைச் சிறுவர்களையோ வேற்று மதத்தாரையோ விட்டுச் செய்விக்கக்கூடாது. சமூகத்தின் பெரியவர்களே முன்னால் நின்று செய்யவேண்டும். அப்போதுதான் அது கடமை என்று ஊருக்குத் தெரியும்.

யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில் சுமார் 25 மணி நேரம் அன்னமும் தண்ணீரும் கிடையாது. ஆண்டிலேயே கடுமையான விரதம் இதுதான். அன்று நோயாளிக்கு என்ன விதி என்று பார்த்தால் மொத்த இயக்கமும் விளங்கிவிடும்.

முதலில், முடிவு யாருடையது? சாப்பிட்டே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லி நோயாளி மறுத்தால், மருத்துவர் பேச்சுக்கே மதிப்பு. தேவையில்லை என்று மருத்துவர் சொல்லி, ‘எனக்குத் தாங்காது’ என்று நோயாளி சொன்னால், நோயாளி பேச்சுக்கே மதிப்பு. ‘இருதயத்தின் கசப்பு இருதயத்துக்கே தெரியும்’ என்ற நீதிமொழிதான் ஆதாரம். தராசு இரண்டு பக்கமும் உணவை நோக்கியே சாய்கிறது.

அடுத்தது அளவு. விரதத்தை முழுதாக முறிக்கும் உணவின் அளவு ஒரு பெரிய பேரீச்சம்பழம்; பானத்தின் அளவு வாயில் ஒரு கன்னம் நிறையும் தண்ணீர். அதற்குக் குறைவாகவும், இடைவெளி விட்டும் உட்கொண்டால் தடையின் கடுமை குறையும். இன்று பரவலாகச் சொல்லப்படும் நடைமுறை இது: ஒரு தடவைக்கு உணவு சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளளவு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதை முடித்தபின் 9 நிமிடம் பொறுத்து அடுத்த தடவை. பானத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். விரதத்துக்கு முன்பே வாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு கோப்பையில் துப்பி அளந்து, அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகக் குறித்துவைத்துக்கொள்வார்கள். உணவும் பானமும் தனித்தனிக் கணக்கு என்பதால் ஒரே இடைவெளியில் இரண்டையும் எடுக்கலாம்.

இதில் கோளாறாவது மூன்று இடங்களில். இந்தச் சிறு அளவு போதாத நோயாளி, அளவை மீறக்கூடாது என்று பயந்து மயங்கி விழுவது முதலாவது. சிறு அளவு போதுமானவர்களுக்குத்தான் இந்த முறை; போதாது என்றால் தேவையான அளவு சாப்பிடவேண்டும். படுக்கையில் இருந்தால் விரதம் தாங்கும் என்ற நிலையில், ஜெபக்கூடத்துக்குப் போயே தீருவேன் என்று கிளம்பி, அங்கே தளர்ந்து சாப்பிட நேர்வது இரண்டாவது. அப்படிப்பட்டவர் வீட்டில் படுத்தே விரதம் இருப்பது மேல் என்பது தீர்ப்பு. மூன்றாவதுதான் அதிகம்: வெட்கம். யாருக்கும் தெரியாமல் பட்டினி கிடந்துவிடுவது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் உள்ளவர்கள் இந்த அளவுகளைத் தாங்களே படித்து முடிவுசெய்யாமல், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரையும் ரபியையும் கேட்டுவிடுவதுதான் வழக்கம்.

சாப்பிட்ட நோயாளி உணவுக்குப்பின் சொல்லும் நன்றி ஜெபத்தில், அந்தப் புனித நாளைக் குறிப்பிடும் வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்கிறது ஷுல்ஹான் அரூக். பண்டிகை விருந்தில் சொல்வதுபோல. ஊரே பட்டினி கிடக்க, கட்டிலில் இருப்பவர் இரண்டு கரண்டிக் கஞ்சி குடித்து, அந்த நாளின் பெயரைச் சொல்லி நன்றி கூறுகிறார். அவர் அந்த நாளுக்கு வெளியே நிற்கவில்லை. அன்று அவர் செய்யவேண்டிய மிட்ஸ்வாவே அந்தக் கஞ்சிதான்.

அத்திப்பழப் பற்று

‘ஜெபித்தால் போதும், மருந்து எதற்கு’ என்பது யூத நிலைப்பாடு அல்ல. யூதா நாட்டு அரசன் எசேக்கியா சாகக் கிடக்கிறான். ‘வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய்’ என்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. அரசன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறான். 15 ஆண்டு கூடுதல் ஆயுள் கிடைக்கிறது. அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அடுத்த வரியில், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார்!

யாத்திராகமத்தில், அடித்துக் காயப்படுத்தியவன் காயம்பட்டவனைக் ‘குணமாக்கவே குணமாக்கவேண்டும்’ என்று வருகிறது. இதிலிருந்து மருத்துவருக்கு வைத்தியம் பார்க்க அனுமதி கிடைத்தது என்றார்கள் பழைய அறிஞர்கள். காரோவின் நூல் இன்னும் ஒரு படி போய், அது அனுமதி மட்டுமல்ல கடமை, முடிந்தும் செய்யாதவர் இரத்தம் சிந்தியவர் என்கிறது. மைமோனிடஸும் மருத்துவர்தான். கடல் வணிகரான தம்பி தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தபோது, ஏறக்குறைய ஓராண்டு காய்ச்சலோடும் மனச்சோர்வோடும் படுக்கையில் கிடந்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நோயாளி பக்கமும் அவருக்குத் தெரியும்.

ஜெபத்துக்கும் எல்லை உண்டு. நடந்து முடிந்ததை மாற்றக் கேட்பது வீண் ஜெபம் என்கிறது தல்மூத்தின் அடித்தளமான மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு. நோயாளிக்காகச் சொல்லும் மி ஷெபெராக் என்ற ஜெபம் ‘ஆத்துமாவின் குணம், உடலின் குணம்’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. உடல் தேறாது என்று தெரிந்தபிறகும் கேட்க ஒன்று மிஞ்சியிருக்கிறது. வழக்கமாக நோயாளியை அவருடைய தாயின் பெயரோடு சேர்த்துக் குறிப்பிடுவார்கள்.

கட்டிலில் இருப்பவரின் வேலைகள்

அஷெர் யட்ஸார் என்பது கழிப்பறை போய்வந்து கைகழுவியபின் சொல்லும் நன்றி ஜெபம். உடம்பில் துவாரங்களும் குழாய்களும் படைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்தாலோ அடைத்துக்கொண்டாலோ உயிர்தரிக்க முடியாது என்று அதில் வெளிப்படையாகவே வருகிறது. ஆரோக்கியமாக இருக்கும்போது வாய் தன்பாட்டுக்கு முணுமுணுக்கும் வரி. அறுவைசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் சிறுநீர் பிரிந்தவருக்கு அது வேறு வரி.

படிப்பதும் கற்பிப்பதும் அடுத்த வேலை. ‘வேலையை முடிப்பது உன்மேல் விழுந்ததல்ல, அதிலிருந்து விலகிக்கொள்ளவும் உனக்கு உரிமையில்லை’ என்றார் ரபி தர்ஃபோன். நோயுற்று அழுத ரபி எலெயாசரிடம் யோகனான் சொன்னதும் இதே தொனி: ‘அதிகம் செய்பவனும் குறைவாகச் செய்பவனும் ஒன்றுதான், மனம் வானத்தை நோக்கி இருந்தால்.’ எலெயாசர் அதில் சமாதானமாகவில்லை. ‘மண்ணில் மக்கப்போகும் உங்கள் இந்த அழகுக்காகத்தான் அழுகிறேன்’ என்றார். அதற்கு அழலாம்தான் என்று சொல்லி யோகனானும் சேர்ந்து அழுதார். அழுகையையும் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள்போல.

பிள்ளைகளுக்கு அறிவுரைக் கடிதம் எழுதும் வழக்கமும் உண்டு. சொத்து உயிலைப்போல, இது மனச்சொத்து உயில். 12-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் யூதா இப்னு திப்போன் தன் மகனுக்கு எழுதியது புகழ்பெற்றது. எழுத நினைப்பவர்கள் ஒரே மூச்சில் எழுதவேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து வரி போதும். நன்றி, மன்னிப்பு, குடும்பத்து நிகழ்ச்சிகள் என்று தொடங்கினால் எளிது. கட்டளையும் சாபமும் வந்தால் அடித்துவிடுங்கள். செத்தவர் போட்ட உத்தரவோடு பிள்ளைகள் வாதாட முடியாது.

நினைவே போனவர்? பத்துக் கட்டளைகள் எழுதிய, மோசே உடைத்த பழைய கற்பலகைகளின் துண்டுகளையும், புதிய பலகைகளோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று தல்மூத் சொல்கிறது. நோயாலோ முதுமையாலோ கற்றதை மறந்த முதியவரிடம் மரியாதையாக இரு என்பதற்கு இதையே காரணம் காட்டுகிறது. அந்த நிலையில் கடமை முழுவதும் சுற்றியிருப்பவர்கள்மேல் வந்துவிடுகிறது.

அறுபதில் ஒரு பங்கு

பிக்கூர் ஹோலிம் என்பது நோயாளியைப் போய்ப் பார்க்கும் கடமை. ‘பிக்கூர்’ என்ற சொல்லின் வேருக்கு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. வெறுமனே முகம் காட்டுவதைவிட, என்ன தேவை என்று பார்ப்பதுதான் சாரம். ரபி அகிவாவின் மாணவர் ஒருவர் நோயுற்றபோது மற்ற அறிஞர்கள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அகிவா போனார். அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். ‘ரபி, எனக்கு உயிர் கொடுத்தீர்கள்’ என்றார் அந்த மாணவர். துடைப்பம் செய்த வேலை.

பார்க்க வருபவர் ஒவ்வொருவரும் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துப்போகிறார் என்கிறது தல்மூத். அப்படியானால் 60 பேரை வரவழைத்தால் நோய் தீர்ந்துவிடுமே என்று உடனே ஒரு குறும்புக் கேள்வி. இல்லை என்கிறார் அபாயே என்ற தல்மூத் அறிஞர்: தகப்பன் சொத்தில் பத்தில் ஒரு பங்கு பெறும் மகள்களைப்போல இது, மூத்தவள் எடுத்ததுபோக மிஞ்சியதில்தான் அடுத்தவளுக்குப் பத்தில் ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் 60 பேர் வந்துபோன பின்னும் நோயில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மிச்சமிருக்கும், சுமார் 36 சதவீதம். எத்தனை பேர் வந்தாலும் பூஜ்யமாகாது. குணப்படுத்தும் சூத்திரமாக இதைப் படிப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஷுல்ஹான் அரூக் சொல்லும் நடைமுறைகள்: நெருங்கிய உறவினரும் நண்பரும் உடனே போகலாம், மற்றவர்கள் மூன்று நாள் கழித்து, நோய் திடீரென்று முற்றினால் எல்லாரும் உடனே. பகலின் முதல் மூன்று மணி நேரம் வேண்டாம், அப்போது நோயாளி தெம்பாகத் தெரிவார், ‘சரியாகிவிட்டது’ என்று வந்தவர் ஜெபிக்காமல் போய்விடுவார். கடைசி மூன்று மணி நேரமும் வேண்டாம், அப்போது நோய் கனத்திருக்கும், வந்தவர் நம்பிக்கை இழந்துவிடுவார். தரையில் படுத்திருப்பவரைவிட உயரமாக உட்காராதே. குடல் நோயாளிக்குச் சங்கடம், தலைவலிக்காரருக்கும் கண்நோயாளிக்கும் பேச்சே பாரம். அவர்களிடம் உள்ளே போகாமல் வெளி அறையில் நின்று, பெருக்கித் தெளிக்கவேண்டுமா, வேறு ஏதும் வேண்டுமா என்று கேள். போய்ப் பார்த்தும் அவருக்காக ஜெபிக்காதவர் கடமையை முடிக்கவில்லை. நோயாளியின் முன்னால் சொல்லும் ஜெபம் எந்த மொழியிலும் இருக்கலாம்.

சுருக்கமாக: நோயாளியால் முடியாத பாதி, ஊரின் கடமையாக மாறுகிறது. ‘சிறைப்பட்டவன் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது’ என்ற வரி இங்கே சட்டமாகிறது.

கடைசி மணி நேரம்

இடிபாட்டில் சிக்கியவர் இன்னும் சற்று நேரமே உயிரோடிருப்பார் என்று தெரிந்தாலும் ஓய்வுநாளை மீறித் தோண்டவேண்டும். அந்தச் சொற்ப நேரம் எதற்கு? அதற்குள் மனம் வருந்திக் கடவுளிடம் திரும்பி வர முடியும் என்றார் இடைக்கால அறிஞர் மெயிரி.

விதுய் என்பது இறக்கும் தறுவாயில் சொல்லும் பாவ அறிக்கை. அதைத் தொடங்கிவைப்பவர் சொல்லவேண்டிய வார்த்தைகளையே சட்டநூல் கொடுத்திருக்கிறது: ‘அறிக்கை செய்த பலர் இறக்கவில்லை, அறிக்கை செய்யாத பலர் இறந்திருக்கிறார்கள்.’ அழுது நோயாளியின் மனத்தை உடைக்கக்கூடியவர்கள் முன்னால் இதைச் செய்யக்கூடாது. உண்மையை மறைக்கவும் இல்லை, நம்பிக்கையை அறுக்கவும் இல்லை. பக்குவமாக எழுதப்பட்ட வாக்கியம்.

இந்தச் சட்டங்கள் எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதில் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், சீர்திருத்தப் பிரிவுகளிடையே வேறுபாடு உண்டு. நோயாளியைப் போய்ப் பார்ப்பதில் மட்டும் பேதமில்லை.

பாதியில் நின்ற வாக்கியம்

ஜெர்மானிய யூதச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக், ஃபிராங்க்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கான யூதக் கல்விக்கூடத்தை 1920-இல் தொடங்கியவர். 1922-இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. மருத்துவர்கள் கொடுத்த கெடு ஓராண்டு அளவுதான். கை போனது, பேச்சு போனது. தனியாக அமைத்த தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துகளைச் சுட்டிக்காட்டினார். அதுவும் முடியாமல் போனபின், மனைவி எடித் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவர, சரியான எழுத்து வரும்போது குறி காட்டினார். ஓய்வுநாளில் அவர் ஜெபக்கூடம் போக முடியாததால், ஜெபக்குழு அவர் வீட்டுக்கு வந்தது. 1925-இல் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரோடு சேர்ந்து எபிரேய வேதாகமத்தை ஜெர்மனில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். இருவருமாக ஏசாயா நூல்வரை வந்தார்கள்.

1929 டிசம்பர் 9 அன்று பூபருக்கு ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருந்தபோது மருத்துவர் உள்ளே வந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. அன்றிரவு ரோசன்ஸ்வைக் இறந்தார். மீதி மொழிபெயர்ப்பை பூபர் தனியாகச் செய்தார், முடித்தது 1961-இல்.